ஒரு தாங்கி எண்ணெய்க்கு ஆறு மில்லியன் டொலர்

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் திருகோணமலையில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "இந்தியாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "காடு பிடித்துக் கிடந்ததற்கு யாராவது எடுத்து நடத்தட்டும்" என்பது மற்றது. இரு தரப்பும் வாடகையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தியன் ஒயில் கம்பனியோடு செய்த 2003 ஒப்பந்தத்தின்படி 99 தாங்கிகளுக்கும் சேர்த்து வருட வாடகை 100,000 டொலர், அதாவது ஒரு தாங்கிக்கு ஆயிரம் டொலர் சொச்சம். அடிமாட்டு விலைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் பாரமான பக்கம் தாங்கிக்கு உள்ளே இருக்கிறது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்ப்போம். ஒரு தாங்கியின் கொள்ளளவு சுமார் 12,000 கிலோலீற்றர். ஒரு கிலோலீற்றர் என்பது 6.29 பீப்பாய். ஆக ஒரு தாங்கியில் ஏறத்தாழ 75,000 பீப்பாய் பிடிக்கும். பீப்பாய் 80 டொலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாங்கியை ஒரு தடவை நிரப்ப ஆறு மில்லியன் டொலர் வேண்டும். 99-ஐயும் நிரப்ப 600 மில்லியன். இந்தப் பணம் எண்ணெய் விற்றுத் தீரும்வரை உள்ளேயே முடங்கிக் கிடக்கும். யாரோ ஒருவர் அதற்கு வட்டி கட்ட வேண்டும். பத்து வீத வட்டி என்றால் ஒரு தாங்கிக்கு வருடத்துக்கு 600,000 டொலர். வாடகை ஆயிரம், வட்டி ஆறு இலட்சம்.

ஐந்து வீதத்துக்குக் கடன் எடுக்கக்கூடியவருக்கு அதே வட்டி 300,000 டொலர்தான். இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். எண்ணெய் இன்று 80 டொலர், ஆறு மாதம் கழித்துக் கையளிக்கும் ஒப்பந்த விலை 84 டொலர் என்று வையுங்கள். இன்றைக்கு வாங்கித் தாங்கியில் போட்டு, 84-க்கு முன்கூட்டியே விற்றுவிடலாம். ஐந்து வீதக்காரருக்கு ஆறு மாத வட்டி பீப்பாய்க்கு 2 டொலர். சேமிப்பு, காப்புறுதி, ஆவியாகிப் போவது எல்லாம் சேர்த்து இன்னொரு டொலர். மிச்சம் ஒரு டொலர் இலாபம், தாங்கிக்கு 75,000 டொலர். பத்து வீதக்காரருக்கு வட்டியே 4 டொலர். அவருக்கு அதே தாங்கியில், அதே எண்ணெயில், அதே நாளில் 75,000 டொலர் நட்டம். தாங்கி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே வரவேயில்லை, கவனித்தீர்களா?

ஒரு நாட்டின் பொருளாதார அமைப்பு அதன் மூலோபாயத்தை எப்படி வடிவமைக்கிறது என்று பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: யாரால் மலிவாகக் கடன் எடுத்து நீண்டகாலம் காத்திருக்க முடியும்? வரி ஒழுங்காக வசூலிக்கும் அரசு, நம்பிக்கையான வங்கி, பிறர் வைத்திருக்க விரும்பும் நாணயம், இவை இருந்தால் காத்திருக்கலாம். இல்லாதவருடைய துறைமுகம் எவ்வளவு ஆழமானாலும் அது அடுத்தவருடைய திட்டத்தில் ஒரு வரிதான். எங்கள் துறைமுகம் இதை நாலு தடவையாவது செய்து காட்டியிருக்கிறது.

முதலில் ஒல்லாந்தர். 1639-இல் போர்த்துக்கேயரிடமிருந்து இதைப் பிடித்தவர்கள் ஓர் அரசு அல்ல, ஒரு கம்பனி. 1602-இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனம். அதன் பேரேட்டில் கறுவா விளையும் தென்மேற்குக் கரை வரவு, திருகோணமலை செலவு. இங்கே கறுவா இல்லை, முத்து இல்லை, பெரிய சந்தையும் இல்லை. செலவுக் கணக்கில் இருக்கும் இடத்துக்கு எந்தக் கணக்காளரும் கூடுதலாகப் பத்துச் சிப்பாய் அனுப்ப மாட்டார். விளைவு: 1782 சனவரியில் எட்வேர்ட் ஹியூஸின் ஆங்கிலப் படை வந்தபோது கோட்டையும், துறைமுக வாயிலுக்கு மேலே இருந்த ஒஸ்டென்பேர்க் காவற்கோட்டையும் சில நாட்களுக்குள் விழுந்தன.

ஏன் எல்லோருக்கும் இந்த இடம் வேண்டியிருந்தது? வாடைக்காற்றுக்காக. ஐப்பசி பிறந்தால் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல் நிற்க முடியாது. சென்னையில் அன்று துறைமுகமே இல்லை, திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் சரக்கு இறக்கினார்கள். வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில், எந்தக் காற்றிலும் ஒரு முழுக் கடற்படை உள்ளே நுழைந்து பத்திரமாக இருக்கக்கூடிய இடம் கோணேசர் மலைக்குப் பின்னால்தான். இது கைவசம் இல்லாதவர் புயல் காலத்தில் பம்பாய்வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் எதிரி சும்மா இருப்பானா?

அதே 1782 ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் இதைப் பிடித்தார். செப்டெம்பர் 3-இல் வெளியே கடலில் ஹியூஸுடன் மோதினார். கடற்போரில் அவருடைய திறமையை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த வாடைக்காலத்தை அவர் கழித்தது சுமாத்திராவின் ஆச்சேயில். துறைமுகம் கையில் இருந்தும், ஒரு கடற்படைக்குச் சோறு போடும் பின்னிலம் இங்கே இல்லை.

சுஃப்ரெனின் கெட்டித்தனத்தைவிடப் பெரிய விஷயம் பாரிஸில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரின் (அமெரிக்க விடுதலைப் போர்) முடிவில் பிரித்தானியாவும் பிரான்ஸும் ஒப்பிடத்தக்க அளவு கடனோடுதான் எழுந்தன. பிரித்தானியா 1694-இலேயே இங்கிலாந்து வங்கியைத் தொடங்கி, பாராளுமன்றம் ஒதுக்கும் வரியை வட்டிக்குப் பிணையாக வைத்திருந்தது. கடன் கொடுத்தவனுக்கு அடுத்த வருட வட்டி வரும் என்ற நம்பிக்கை இருந்தது, ஆகவே குறைந்த வட்டிக்குக் கொடுத்தான். பிரான்ஸில் வரி வசூல் குத்தகைக்காரர் கையில், பிரபுக்களுக்கு விலக்கு, மன்னர் நினைத்தால் வாங்கிய கடனைக் கட்டாமலே விட்டுவிடுவார் என்ற பழைய அனுபவம் வேறு. ஒரே அளவு கடனுக்குப் பிரான்ஸ் கட்டிய வட்டி கிட்டத்தட்ட இரு மடங்கு. 1788-இல் அரச செலவில் பாதியை வட்டியும் தவணையும் விழுங்கின. அடுத்த வருடம் புரட்சி. போர் முடிந்து ஒல்லாந்தருக்குத் திரும்பிய திருகோணமலையை 1795-இல் ஆங்கிலேயர் மறுபடி எடுத்தார்கள். 1802 அமியன்ஸ் உடன்படிக்கை அதற்கு முத்திரை குத்தியது. ஒல்லாந்தக் கம்பனி அதற்குள், 1799 முடிவில், கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டிருந்தது.

இனி தாங்கிகளின் கதை. கப்பல் நிலக்கரியில் ஓடியவரை பிரித்தானியாவுக்கு எரிபொருள் கவலை இல்லை. வேல்ஸில் வேண்டிய மட்டும் நிலக்கரி இருந்தது. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் கடற்படையை எண்ணெய்க்கு மாற்றத் தீர்மானித்தார்கள். எண்ணெய்க் கப்பல் வேகமானது, கடலிலேயே நிரப்பலாம், நிலக்கரி தள்ள ஆள் வேண்டாம். ஒரே குறை, பிரித்தானியாவில் அன்று எண்ணெய் கிடையாது. ஆகவே 1914-இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கை அரசே 2.2 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. தனியார் சந்தையையே வேதமாகக் கொண்ட அரசு, எரிபொருள் என்று வந்ததும் தானே முதலாளியானது.

போர் முடிந்தபோது பிரித்தானியாவின் தேசியக் கடன் ஏழு பில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது, 1914-இல் அது சுமார் 650 மில்லியன்தான். 1920-களில் மத்திய அரசின் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வட்டிக்கே போனது. இந்த நிலையில் அத்திலாந்திக்கில் ஒரு கடற்படை, யப்பானுக்கு எதிராகக் கிழக்கில் இன்னொரு கடற்படை என்று வைத்திருக்க முடியாது. எனவே ஒரு மலிவான வழி கண்டார்கள்: கடற்படை ஐரோப்பாவில் ஒன்றே நிற்கட்டும், ஆபத்து வந்தால் சிங்கப்பூருக்கு ஓடி வரட்டும், வழி நெடுக எண்ணெயை மட்டும் முன்கூட்டியே சேர்த்து வைப்போம். சீனன்குடாத் தாங்கிகள் இந்த யோசனையின் பிள்ளைகள். கப்பல் நிறுத்தக் காசில்லாதவர் கப்பலின் தீனியை நிறுத்தினார். எங்கள் ஆட்கள் அந்த உருண்டை இரும்புகளைப் பேரரசின் பலத்துக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். எனக்கு அவை பேரரசு செலவைக் குறைத்ததற்குச் சாட்சியாகத்தான் தெரிகின்றன.

யோசனை எங்கே பிசகியது? கடற்படை ஓடி வர ஐரோப்பாவில் அமைதி இருக்க வேண்டும். 1941-இல் அது இல்லை. யப்பானுடைய பக்கமும் இதே எரிபொருள் கணக்குத்தான். அதன் எண்ணெயில் ஏறக்குறைய 80 வீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 கோடையில் அமெரிக்கா அதை நிறுத்தியதும் யப்பான் கடற்படைக்கு முன்னால் இருந்தது இருப்பு வற்றும் நாட்காட்டி மட்டும்தான். காத்திருக்க முடியாதவர் தாக்குவார். முத்துத் துறைமுகம், சிங்கப்பூர், பிறகு 1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலை. துறைமுகமும் சீனன்குடாவும் குண்டு வாங்கின. தாங்கிகளில் ஒன்று எரிந்து போனது, நெளிந்து சுருங்கிய அதன் இரும்பு இன்றும் கிடக்கிறது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. யப்பானியர் ஆனால் இந்தக் கடலில் தங்கவில்லை. தங்குவதற்கு எண்ணெய்க் கப்பல்கள் வேண்டும், அவை போதவில்லை.

பிரித்தானியர் இங்கிருந்து வெளியேறியதற்கும் நாணயந்தான் பின்னணி. 1956-இல் சுயெஸ் கால்வாயைப் பிடிக்கப் படை அனுப்பினார்கள். படை நன்றாகவே முன்னேறியது. லண்டனில் ஸ்டெர்லிங்கை விற்றுத் தள்ளினார்கள், டொலர் ஒதுக்கு கரைந்தது. போரை நிறுத்தினால்தான் சர்வதேச நாணய நிதியக் கடனுக்குக் கை தூக்குவோம் என்று அமெரிக்கா இருந்துவிட்டது. நிறுத்தினார்கள். மறு வருடம் 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளம் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்கவின் கொள்கை உறுதிக்கு உரிய மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் தட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். 1967 நவம்பரில் பவுண் மதிப்பிறக்கம், 1968 சனவரியில் சுயெஸுக்குக் கிழக்கே இருந்து முற்றாக விலகும் அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்.

சின்ன நாடு என்றால் வாய் பொத்தி இருக்கத்தான் வேண்டுமா என்றால், 1952-ஐப் பாருங்கள். கொரியப் போர்க்கால இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது, கையிருப்பு உருகியது. அப்போது சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம்: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை. வேலையை முடித்தவர் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க. சீனாவுக்கு இறப்பர் விற்றால் உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். அதைத் தெரிந்துகொண்டே, மேற்குச் சார்பான ஐக்கிய தேசியக் கட்சி அரசு, பீக்கிங்குடன் தூதரக உறவுகூட இல்லாத காலத்தில் கையெழுத்து வைத்தது. மூலோபாயம் என்றால் இதுதான்: சித்தாந்தத்தை ஓரமாக வைத்து, எங்களிடம் இருப்பது யாருக்கு அவசரமாகத் தேவை என்று தேடுவது. ஆனாலும் உள்ளூரில் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்போய் 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலில் பிரதமர் பதவி விலக வேண்டி வந்தது. அரிசி கிடைத்தது, மானியத்துக்குக் காசு கிடைக்கவில்லை.

இனி இந்தியா. 1987 யூலை 29 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இரண்டு விஷயம் எங்களைப் பற்றியவை. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுபடாது என்பது ஒன்று. எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும் என்பது மற்றது. முதலாவது மறுநாளே நடைமுறைக்கு வந்தது, அதற்குச் செலவில்லை. இரண்டாவதற்குப் பதினாறு வருடம் பிடித்தது. போர் ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அன்றைய இந்தியாவிடம் வெளியே போட டொலர் இல்லை. 1991-இல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கான ஒதுக்கோடு நின்று, தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்த நாடு அது. பொருளாதாரத்தைத் திறந்து ஒதுக்குச் சேர்ந்த பிறகுதான் இந்தியன் ஒயில் 2003-இல் இங்கே கடை திறந்தது.

திறந்தும் என்ன? கீழ்ப்பகுதியில் இருந்த பதினைந்து வரையான தாங்கிகள் பாவனைக்கு வந்தன. மேல்பகுதியின் எண்பத்துச் சொச்சம் காட்டுக்குள்ளேயே கிடந்தன. "வேண்டுமென்றே பூட்டி வைத்தார்கள்" என்ற குற்றச்சாட்டில் அரசியல் உண்மை கொஞ்சம் இருக்கலாம். வியாபார உண்மை அதைவிடக் கூட. இத்தனை பழைய தாங்கி ஒன்றை மறுபடி நிரப்புவதென்றால் வர்ணம் அடித்தால் போதாது. முதலில் சுவரின் இரும்புத் தடிப்பை ஒலி அலை கொண்டு பல இடத்தில் அளப்பார்கள். அடித்தட்டுத்தான் பெரும்பாலும் முதலில் போகும், அதுவும் மண்ணைத் தொடும் கீழ்ப்பக்கம், வெளியே தெரியாமல். அதை வெட்டி மாற்ற வேண்டும். பிறகு தண்ணீரை நிரப்பி நாட்கணக்கில் விட்டு, கசிகிறதா, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கே 12,000 கிலோலீற்றர் தண்ணீர் வேண்டும். கப்பல் எரிபொருளுக்காகக் கட்டிய நிலைக்கூரைத் தாங்கியில் பெற்றோலை வைத்தால் ஆவியாகிக் காசு காற்றில் போகும், மிதக்கும் கூரை போட வேண்டும். கனமான உலை எண்ணெய் என்றால் சூடாக்கும் குழாய் வேண்டும். இதற்குமேல் நுரை தெளிக்கும் தீயணைப்பு, குழாய்கள், பம்பு, இறங்குதுறை. இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் அந்த ஆறு மில்லியன் டொலர் கேள்வி வருகிறது: உள்ளே ஊற்றும் எண்ணெயை யார் வாங்குவார்?

கப்பல்களுக்கு விற்கலாம் என்பார்கள். சிங்கப்பூர் 2024-இல் கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் கிட்டத்தட்ட 55 மில்லியன் தொன். எங்கள் 99 தாங்கியும் நிறைந்து வழிந்தாலும் சுமார் ஒரு மில்லியன் தொன்: சிங்கப்பூருக்கு ஒரு வார வியாபாரம். சுயெஸிலிருந்து மலாக்காவுக்குப் போகும் கப்பல் தெற்கே தேவேந்திரமுனையைத் தாண்டி நேரே போகிறது. அது திருகோணமலைக்கு ஏறி இறங்க ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 35 தொன் எரிக்கும் கப்பல், தொன் 600 டொலர் என்றால், வந்து போகவே 21,000 டொலர், கப்பலின் நாள் வாடகை தனி. அது 1,000 தொன் நிரப்ப வருகிறது என்றால் நாங்கள் சிங்கப்பூரைவிடத் தொன்னுக்கு இருபது டொலருக்கும் மேல் குறைத்துக் கொடுத்தால்தான் திரும்பிப் பார்க்கும். சென்னைக்கோ விசாகப்பட்டினத்துக்கோ சிட்டகொங்குக்கோ போகும் கப்பலுக்கு இந்தக் கணக்கு மாறும். ஆகவே திருகோணமலையின் சந்தை வங்காள விரிகுடா. அதைச் சொல்லாமல் "கிழக்கின் சிங்கப்பூர்" என்று மேடையில் முழங்குபவரிடம் ஒரு கடல் வரைபடத்தைக் கொடுக்கலாம்.

பின்னிலம் இல்லாத குறையும் தானாக வந்ததல்ல. சுமார் 1,600 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு உள்ள இயற்கைத் துறைமுகத்தை விட்டுவிட்டு, அலை அடிக்கும் கொழும்பில் 1875-இல் தொடங்கிப் பத்து வருடம் செலவழித்து அலைதடுப்பு கட்டினார்கள். ஏனென்றால் கோப்பியும் தேயிலையும் இறங்கும் கண்டி ரயில் பாதை 1867-இலேயே கொழும்பில் வந்து முடிந்தது. திருகோணமலைக்கு ரயில் வர 1927 ஆனது. தோட்டக்காரர் கொழும்பைத் தேர்ந்தார், கடற்படை எங்களைத் தேர்ந்தது. கடற்படை போனபோது எங்களிடம் மிஞ்சியது ஆழம் மட்டும். பின்னாளில் வந்த பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் இந்த ஆழத்தைத்தான் பயன்படுத்துகின்றன. கோதுமையும் கிளிங்கரும் பெரிய கப்பலில் மொத்தமாக வந்து இறங்குகின்றன.

2022-க்கு வருவோம். சனவரி 6-இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது: 14 தாங்கி இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 கூட்டுக் கம்பனிக்கு, அதில் 51 வீதம் கூட்டுத்தாபனம், 49 வீதம் ஐஓசி. குத்தகை 50 வருடம். ஒரு வாரம் கழித்து இந்திய ரிசர்வ் வங்கியின் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்றமும், ஆசியத் தீர்வக ஒன்றியத்துக்கு (மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் அமைப்பு) கட்ட வேண்டிய 500 மில்லியன் சொச்சத்துக்குத் தவணையும் வந்தன. பெப்ரவரி தொடக்கத்தில் எரிபொருள் வாங்க 500 மில்லியன் டொலர் கடன் வசதி. எது எதற்குக் கைமாறு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது, திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 35 வருடம் இழுபட்ட விடயத்தை, ஒதுக்கு வற்றியபோது சில வாரங்களில் முடித்தார்கள்.

ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். மே தொடக்கத்தில் பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்றார் நிதியமைச்சர். எங்கள் அலகில் சொன்னால் எட்டுத் தாங்கி. அன்றைய எண்ணெய் விலை நூறு டொலருக்கு மேல் நின்றதால் ஏறத்தாழ ஆறுதான் தேறும். 99 தாங்கி உள்ள ஊரில் ஓட்டோக்காரர் நாலு லீற்றருக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றதன் விளக்கம் இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது.

எல்லாம் சீனக் கடனால் வந்தது என்பது இன்னொரு கட்டுக்கதை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கி 6.3 வீத வட்டிக்குக் கொடுத்த சுமார் 307 மில்லியன் டொலர் கசப்பான கடன்தான். 2017-இல் 99 வருடக் குத்தகைக்கு வந்த 1.12 பில்லியன் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை, ஒதுக்கை நிரப்பப் போனது. கடன் அப்படியே இருந்தது. கழுத்தை நெரித்தவை 2007-இல் தொடங்கிச் சந்தையில் விற்ற டொலர் முறிகள் (கடன் பத்திரங்கள்), வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். அவற்றுக்கும் முன்னால் வரி இருக்கிறது. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை (வற்) 15-இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அரசு பெற்ற ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. அந்த நிலையில் எந்த வல்லரசு வந்து மேசையில் அமர்ந்தாலும் பேனா அவர் கையில்தான் இருக்கும்.

ஒரு நாட்டின் பலத்தை எடை போட நான் முதலில் பார்ப்பது இந்த வட்டி-வருமான விகிதத்தைத்தான். மத்திய வங்கியின் ஆண்டறிக்கை அட்டவணைகளில் இரண்டு எண்ணை எடுத்து வகுத்தால் போதும். பிறகு கடன் எந்த நாணயத்தில் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கா 2024 நிதியாண்டில் பாதுகாப்பைவிட வட்டிக்குக் கூடச் செலவழித்தது, ஆனால் கடன் அதன் சொந்த டொலரில். யப்பானின் கடன் அதன் தேசிய உற்பத்தியைப் போல இரு மடங்குக்கும் மேல், அதுவும் யென்னில். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்தது எரிபொருளும் சாப்பாடும் எத்தனை வாரத்துக்கு உள்ளே இருக்கின்றன என்பது. தேசிய உற்பத்தியின் மொத்தத் தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். சோவியத் ஒன்றியத்துக்கு எஃகும் ஏவுகணையும் குறைவில்லை. தானியத்தை இறக்குமதி செய்ய எண்ணெய் விற்ற காசை நம்பியிருந்தது, 1986-இல் எண்ணெய் விலை விழுந்ததும் அடித்தளம் ஆட்டம் கண்டது.

இப்போது 2025 ஏப்ரல் 5-இல் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அமீரகத்தின் பங்கு எதற்கென்று கேட்பவர்களுக்கு முதல் கணக்கை மறுபடி காட்டலாம்: அவர்களிடம் எண்ணெயும் இருக்கிறது, அதைத் தாங்கியில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காசும் இருக்கிறது. பேச்சில் அடிபடும் இன்னொன்று தென்னிந்தியாவிலிருந்து இங்கே கடலடி எண்ணெய்க் குழாய். நாகப்பட்டினத்திலிருந்து என்று வைத்தால் தூரம் சுமார் 300 கிலோமீற்றர். கணக்குக்கு 12 அங்குலக் குழாய் என்று எடுத்தால் அதன் வயிற்றுக்குள் மட்டும் ஏறத்தாழ 22,000 கிலோலீற்றர் எண்ணெய் நிற்கும், கிட்டத்தட்ட இரண்டு தாங்கி. குழாய் ஓடும் காலம் முழுவதும் அதை விற்க முடியாது, அது உள்ளே நின்றால்தான் அடுத்த லீற்றர் இந்தப் பக்கம் வெளியே வரும். ஏறத்தாழப் பதினொரு மில்லியன் டொலர். ஒப்பந்தத்தின் முழு வாசகம் எப்போதாவது வெளியே வந்தால், அந்த இரண்டு தாங்கி எண்ணெய் யார் பெயரில் நிற்கிறது, அதன் வட்டி யார் தலையில் விழுகிறது என்ற வாசகத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.